சிமுலேஷன் பேஸ்பால் லீக்கில் புதுமுகங்களின் வருகையைச் சீராக வைப்பது எப்படி?

கணினியில் நடக்கும் பேஸ்பால் லீக் ஒன்றின் பொறுப்பைப் புதிதாக ஏற்பவர்கள், அணிகளின் பெயர், மைதான அளவு, சம்பள உச்சவரம்பு, ஆட்ட அட்டவணை ஆகியவற்றுக்காக வாரக்கணக்கில் மெனக்கெடுவார்கள். ஆண்டுதோறும் எத்தனை புதுமுகங்கள், எந்தத் தரத்தில், எந்த வழியாக லீக்குக்குள் வர வேண்டும் என்ற கேள்வியை மட்டும் மென்பொருளின் போக்கிலேயே விட்டுவிடுவார்கள். முதல் நான்கைந்து சீசன்களில் அதன் விளைவு கண்ணுக்குத் தெரியாது. அதன்பிறகு, ஒரு லீக்கில் எல்லா அணிகளிலும் முதல்தரப் பிட்சர்கள் (பந்து வீசுபவர்கள்) குவிந்து, சராசரி ஆட்டக்காரருக்கு மதிப்பே இல்லாமல் போகும். இன்னொரு லீக்கில் 36 வயதுக்காரரை விட்டால் ஷார்ட்ஸ்டாப் எனும் தடுப்பாட்ட இடத்தில் நிற்க ஆளே இருக்காது. லீக்கைக் கலைத்துவிடக்கூடிய கோளாறுகள் இவை இரண்டும். இவற்றை முன்கூட்டியே தவிர்க்கும் முறையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப்போகிறேன்.

நான் எடுத்துக்கொள்ளும் மென்பொருள் 'அவுட் ஆஃப் தி பார்க் பேஸ்பால்'. ஜெர்மனியைச் சேர்ந்த மார்கஸ் ஹைன்சோன் உருவாக்கிய இதன் முதல் பதிப்பு 1999-இல் வெளிவந்தது. இதில் ஆன்லைன் லீக் என்பது, ஒவ்வோர் அணியையும் ஒரு மனிதர் ஜி.எம். (பொது மேலாளர்) பொறுப்பில் இருந்து நடத்த, கமிஷனர் ஒருவர் லீக் கோப்பைத் தம் கணினியில் வைத்துக்கொண்டு, எல்லோரும் அனுப்பிய உத்தரவுகளைச் சேர்த்து, குறித்த நாளில் ஒரு வாரத்து ஆட்டங்களை ஓட்டிவிடும் ஏற்பாடு. வேறு மென்பொருள் பயன்படுத்துகிறவர்களுக்குத் திரைகளும் பெயர்களும் மாறும், கணக்கு மாறாது.

முதலில் ஏரியைப் பார்க்க வேண்டும், வாய்க்காலை அல்ல

புதிய கமிஷனர்கள் பெரும்பாலும், புதுமுகங்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் பட்டியலைப் பார்த்துத்தான் கவலைப்படத் தொடங்குகிறார்கள். இந்த ஆண்டு பட்டியலில் நல்ல பிட்சர் இல்லை, போன ஆண்டு கேட்சர் இல்லை என்று ஒவ்வொரு ஜூன் மாதமும் ஒரு முறையீடு வரும். டிராஃப்ட் என்பது ஏரிக்கு வரும் வாய்க்கால்களில் ஒன்று மட்டுமே. ஏரியில் இப்போது எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, ஆண்டுக்கு எவ்வளவு வெளியேறுகிறது என்பதை அளக்காமல், ஒரு வாய்க்காலில் தண்ணீர் குறைவாக ஓடுகிறதே என்று மதகைத் திறப்பவர் ஊரை வெள்ளத்தில் விட்டுவிடுவார்.

எனக்கே அது நடந்திருக்கிறது. 24 அணிகள் கொண்ட ஒரு லீக்கை நான் நடத்தியபோது, ஆறாவது சீசனின் டிராஃப்ட் பட்டியல் மிகவும் வற்றலாக வந்தது. பலரும் குறை சொன்னார்கள். புதிய ஆட்டக்காரர்களின் திறனை நிர்ணயிக்கும் பெருக்கெண்களை 1.000-இலிருந்து 1.150-க்கு உயர்த்திவிட்டேன். அடுத்த ஆண்டுப் பட்டியல் செழிப்பாக இருந்தது, எல்லோரும் மகிழ்ந்தார்கள், அதற்கடுத்த ஆண்டும் அதை அப்படியே விட்டுவிட்டேன். நான்கு ஆண்டுகள் கழித்து அந்த இரண்டு பட்டியல்களும் கீழ்நிலை மைனர் லீக்குகளில் வளர்ந்து ஒன்றாகப் பெரிய லீக்குக்கு ஏறி வந்தபோது, எந்த அணியின் ஐந்தாவது பிட்சரும் முன்பு முதல் பிட்சராக இருந்தவருக்குச் சமமாக நின்றார். நீண்ட ஒப்பந்தத்தில் சராசரி ஆட்டக்காரர்களை வைத்திருந்த அணிகளின் பணம் முழுவதும் வீணாயிற்று. பதறிப்போய் அந்த எண்ணை 0.900-க்கு இறக்கினேன். அப்போதுதான், வரப்போகும் பட்டியல்களை நம்பித் தம் அணியின் மூத்த ஆட்டக்காரர்களை விற்று டிராஃப்ட் வாய்ப்புகளாக மாற்றி வைத்திருந்த மூன்று பேர், நியாயமான கோபத்துடன் எனக்கு எழுதினார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை. தவறு ஆறாவது சீசனில் ஒரே ஒரு பட்டியலைப் பார்த்து நான் எடுத்த முடிவில் இருந்தது.

எண்ணிப் பார்க்கும் முறை

ஆகவே முதல் வேலை எண்ணுவது. சீசன் முடிந்து, ஓய்வு பெறுகிறவர்களின் பெயர்கள் நீக்கப்பட்ட மறுநாள், கமிஷனர் லீக்கின் எல்லா ஆட்டக்காரர்களின் மதிப்பெண்களையும் ஒரு எக்செல் தாளில் இறக்கிக்கொள்ள வேண்டும். ஆட்டக்காரர்களின் திறனைக் கணிக்கும் பேஸ்பால் ஸ்கவுட்டுகள் பயன்படுத்தும் 20 முதல் 80 வரையிலான அளவுகோலே இதற்கு வசதியானது. அதில் 50 என்பது பெரிய லீக்கின் சராசரி. 60 என்பது தெளிவாக மேலானவர். 70-ஐத் தாண்டுகிறவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை மிகவும் முக்கியம். மதிப்பெண்களை லீக்கின் மற்ற ஆட்டக்காரர்களோடு ஒப்பிட்டுக் காட்டும் வசதி இந்த மென்பொருளில் உண்டு. அது இயங்கிக்கொண்டிருந்தால், லீக் முழுவதும் தரம் ஏறினாலும் இறங்கினாலும் சராசரி ஆட்டக்காரர் எப்போதும் 50 என்றே தெரிவார். காய்ச்சலோடு சேர்ந்து தானும் ஏறும் அளவுகோலை வைத்துக் காய்ச்சலை அளக்க முடியாது. எண்ணும் நாளில் அந்த வசதியை நிறுத்திவிட்டு, ஆண்டுக்கு ஆண்டு மாறாத அளவுகோலில், ஸ்கவுட்டின் பிழை கலக்காத உண்மை மதிப்பெண்களை எடுக்க வேண்டும். கமிஷனரும் லீக்கில் ஓர் அணியை நடத்துகிறவராக இருந்தால், அணி எதுவும் நடத்தாத ஒருவரிடம் இந்த வேலையை ஒப்படைப்பதே நேர்மையானது; மற்றவர்களின் ஸ்கவுட்டுகள் தடுமாறும்போது ஒருவருக்கு மட்டும் உண்மை தெரிவது முறையாகாது.

லீக்கின் மொத்த பேட்டிங் சராசரியையோ ஹோம் ரன் எண்ணிக்கையையோ பார்த்துத் தரத்தை முடிவு செய்வதும் தவறு. இந்த மென்பொருள் லீக்கின் மொத்தப் புள்ளிவிவரங்களை ஒரு குறிப்பிட்ட இலக்கை ஒட்டி வைத்துக்கொள்ளும் திருத்தெண்களைக் கொண்டது. ஆட்டக்காரர்கள் எல்லோரும் பலமாகிவிட்டாலும் பேட்டிங் சராசரி நகராமல் நிற்கக்கூடும். அசல் பேஸ்பாலிலும் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்களே சரியாக முடிவெடுத்தார்கள். 1968-ஆம் ஆண்டில் பிட்சர்களின் கை மிகவும் ஓங்கியிருந்தது. பாப் கிப்சன் ஒன்பது இன்னிங்ஸுக்கு 1.12 ரன்கள் என்ற கணக்கில்தான் விட்டுக்கொடுத்தார். அமெரிக்கன் லீக்கின் பேட்டிங் பட்டத்தைக் கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி வெறும் .301 சராசரியோடு வென்றார். அடுத்த ஆண்டு பிட்சர் நிற்கும் மேட்டின் உயரத்தை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தார்கள். பேட்டர் அடித்தாக வேண்டிய பந்துகளின் பரப்பான ஸ்ட்ரைக் எல்லையையும் சுருக்கினார்கள். ஆட்டத்தின் விதியில் இருந்த சாய்வை விதியிலேயே சரிசெய்தார்கள். உங்கள் லீக்கில் ரன்கள் குறைந்தால் முதலில் தொட வேண்டியது லீக் திருத்தெண்களையே. அதற்காகப் புதிய பேட்டர்களை அளவுக்கு மீறிப் பலசாலிகளாக உருவாக்கினால் அந்தத் தலைமுறை ஓய்வு பெறும்வரை பதினைந்து ஆண்டுகள் அதன் விளைவு நீடிக்கும்.

எக்செல் தாளில் நான் வைத்திருந்த கட்டங்கள் மிகச் சில. 70-க்கு மேல் எத்தனை பேர், 60 முதல் 69 வரை எத்தனை பேர், 50 முதல் 59 வரை எத்தனை பேர் என்று வரிசைகள். தொடக்கப் பிட்சர், இடையில் வந்து வீசும் ரிலீவர், கேட்சர், ஷார்ட்ஸ்டாப், சென்டர் ஃபீல்டர், மற்றவர்கள் என்று பத்திகள். ஒவ்வொரு கட்டத்திலும் மொத்த எண்ணிக்கை, அதன் அருகில் 25 வயதுக்கு உட்பட்டவர்கள், 32 வயதைத் தாண்டியவர்கள் என்று இரண்டு சிறிய எண்கள். ஷார்ட்ஸ்டாப் கட்டத்தில் 60-க்கு மேல் ஒன்பது பேர் இருந்து, அவர்களில் ஆறு பேர் 32-ஐத் தாண்டியவர்கள் என்று தெரிந்தால், மூன்றாண்டுகள் கழித்து வரப்போகும் பஞ்சம் இன்றைக்கே அந்தக் கட்டத்தில் தெரிந்துவிடுகிறது. மூன்று சீசன்களுக்கு இந்தத் தாளைத் தொடர்ந்து நிரப்பிய பிறகுதான் எந்த அமைப்பையும் மாற்றலாமா என்று யோசிக்க வேண்டும்.

எவ்வளவு வரத்து தேவை என்ற கணக்கு

இப்போது 24 அணிகளை வைத்து ஒரு மாதிரிக் கணக்குப் போடலாம். அணிக்கு 26 பேர் என்றால் பெரிய லீக்கில் 624 இடங்கள். ஒருவர் அந்த இடத்தில் சராசரியாக ஆறு ஆண்டுகள் நிற்கிறார் என்று உங்கள் தாள் காட்டினால், ஆண்டுக்கு 104 புதியவர்கள் மேலே ஏறி வந்தால்தான் மட்டம் நிலைக்கும். டிராஃப்டில் 20 சுற்றுகள் வைத்தால் 480 பேர் தேர்வாகிறார்கள். வெளிநாட்டு வழியில் இன்னும் சிலர் வருகிறார்கள். ஆக, ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பெரிய லீக்கை எட்டினாலே போதும்.

ஆனால் லீக்கின் சுவையை முடிவு செய்பவர்கள் இந்த 104 பேரும் அல்லர். உச்சியில் இருக்கும் சிலரே. ஓர் அணிக்கு இரண்டு நட்சத்திரங்கள், மொத்தம் 48 பேர் இருக்க வேண்டும் என்று நீங்கள் விரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நட்சத்திரம் உச்சத்தில் ஆறு ஆண்டுகள் நீடித்தால் ஆண்டுக்கு எட்டுப் பேர் தேவை. நட்சத்திரமாக வளரக்கூடியவர் என்று 18 வயதில் குறிக்கப்பட்டவர்களில் பாதிப் பேர் காயத்தாலோ வளர்ச்சி நின்றோ விழுந்துவிடுவார்கள் என்றால், ஆண்டுக்குப் பதினாறு பேர் அந்தத் தகுதியோடு உள்ளே வர வேண்டும். பதினொருவர் டிராஃப்டில், ஐவர் வெளிநாட்டிலிருந்து என்று பிரித்துக்கொள்ளலாம். இந்தப் பதினாறு என்ற எண்தான் உங்கள் கையில் இருக்கும் நூல்குண்டு. ஓராண்டு பட்டியலில் ஏழு பேர் வந்தாலும், அடுத்த ஆண்டு இருபத்துநான்கு பேர் வந்தாலும் அஞ்ச வேண்டாம். ஐந்தாண்டுச் சராசரி பதினாறை ஒட்டி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

செழிப்பான ஆண்டும் வற்றலான ஆண்டும் மாறிமாறி வருவதை அழித்துவிடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. எல்லா ஆண்டும் ஒரே மாதிரி இருந்தால் டிராஃப்ட் வாய்ப்பைக் கைமாற்றுவதில் எந்தக் கணிப்புக்கும் இடமில்லாமல் போகும். ஆட்டத்தின் பாதி சுவாரசியம் அதோடு போய்விடும்.

டிராஃப்டின் வரிசையும் தோல்வியை நாடும் அணிகளும்

டிராஃப்ட் ஏன் தோன்றியது என்பதைப் புதியவர்கள் அறிந்திருப்பது நல்லது, ஏனென்றால் அது தீர்க்க முயன்ற சிக்கல் இணைய லீக்கிலும் அப்படியே தலைகாட்டும். 1965-க்கு முன் அமெரிக்காவின் இளம் ஆட்டக்காரர்கள் யார் அதிகப் பணம் தருகிறாரோ அவரிடம் சேரலாம். பெருந்தொகை வாங்கிய இளைஞரை மைனர் லீக்குக்கு அனுப்பாமல் மேல் அணியிலேயே வைத்திருக்க வேண்டும் என்ற விதியால் இதைக் கட்டுப்படுத்தப் பார்த்தார்கள்; அதனால் பிட்சர் சாண்டி கோஃபாக்ஸ் போன்ற ஒருவர் மைனர் லீக்கில் பயிற்சியே பெறாமல் டாட்ஜர்ஸ் அணியின் பெஞ்சில் உட்கார நேர்ந்தது. 1964-இல் ஏஞ்சல்ஸ் அணி ரிக் ரெய்கார்ட் என்ற கல்லூரி மாணவருக்கு 2 லட்சம் டாலருக்கும் மேல் கொடுத்தது. மறு ஆண்டு ஜூனில் முதல் டிராஃப்ட் நடந்து, கேன்சஸ் சிட்டி அத்லெட்டிக்ஸ் ரிக் மண்டேயை முதலாவதாக எடுத்தது. முந்தைய ஆண்டில் அதிகம் தோற்ற அணிக்கு முன்னுரிமை என்பதே அன்று முதல் அடிப்படை.

அந்த அடிப்படையே பின்னாளில் வேறொரு சிக்கலைக் கொண்டுவந்தது. ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் 2011, 2012, 2013 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் நூறு ஆட்டங்களுக்கு மேல் தோற்று, மூன்று முறை தொடர்ந்து முதல் வாய்ப்பைப் பெற்றது. அவற்றில் கார்லோஸ் கொரேயா நட்சத்திரமானார். 2013-இல் எடுக்கப்பட்ட மார்க் ஆப்பெல் ஆஸ்ட்ரோஸுக்காக ஆடவே இல்லை, 2022-இல்தான் வேறோர் அணிக்காகப் பெரிய லீக்கில் கால்வைத்தார். 2014-இன் முதல் தேர்வான பிராடி ஐக்கன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. இருந்தும் 2017-இல் அந்த அணி சாம்பியன் பட்டமான உலகத் தொடரை வென்றதால், தோற்பதும் ஒரு திட்டம்தான் என்ற எண்ணம் பலரிடமும் வேரூன்றியது. இணைய லீக்கில் இந்த ஆசை இன்னும் வலுவாக இருக்கும். ஏனென்றால் இங்கே டிக்கெட் வாங்கிய ரசிகர் யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை, மூன்று சீசன் என்பது நம் நாட்கணக்கில் சில மாதங்களில் ஓடிவிடும்.

இதற்கு அமெரிக்காவின் மேஜர் லீக் கண்ட வழி குலுக்கல். 2022 டிசம்பரில் முதல்முறையாக நடந்த குலுக்கலில், சீசன் இறுதிச் சுற்றான பிளே-ஆஃபுக்குள் நுழையாத 18 அணிகளும் இடம்பெற்றன. முதல் ஆறு இடங்கள் குலுக்கலால் முடிவாயின. மிக மோசமான மூன்று அணிகளுக்கும் முதலிடம் கிடைக்கும் வாய்ப்பு சமமாக 16.5 சதவீதமாக இருந்தது. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் வென்று 2023-இல் பால் ஸ்கீன்ஸை எடுத்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் குலுக்கலில் பங்குபெறுவதற்கும் வரம்பு உண்டு. 2024-இல் 121 ஆட்டங்கள் தோற்ற சிகாகோ வைட் சாக்ஸுக்கு இந்த வரம்பின் காரணமாக 2025-இல் பத்தாவது இடமே கிடைத்தது.

இந்த விதியை அப்படியே இறக்குமதி செய்ய வேண்டாம் என்றே சொல்வேன். வைட் சாக்ஸுக்கு நேர்ந்தது இணைய லீக்கில் நேர்ந்தால், அந்த அணியை நடத்துகிறவர் விலகிவிடுவார், வெறுமையான அணியை எடுக்க வேறு யாரும் முன்வர மாட்டார்கள். 24 அணி லீக்குக்கு நான் பரிந்துரைப்பது எளிய முறை: முதல் நான்கு இடங்களுக்கு மட்டும் குலுக்கல், கடைசி ஐந்து அணிகளுக்குச் சம வாய்ப்பு, மிக மோசமான அணி ஐந்தாவது இடத்துக்குக் கீழே தள்ளப்படாது, தொடர்ந்து மூன்றாம் ஆண்டு முதலிடம் எந்த அணிக்கும் கிடையாது. குலுக்கலை லீக்கினர் எல்லோரும் பார்க்கும்படி நேரலையில் நடத்துங்கள். கமிஷனர் தனியே உட்கார்ந்து நடத்திய குலுக்கலின் முடிவை, அது எவ்வளவு நேர்மையாக நடந்திருந்தாலும், தோற்றவர் மனம் முழுதாக ஏற்பதில்லை.

டிராஃப்ட் வாய்ப்பைக் கைமாற்றும் விதியும் இங்கேயே வருகிறது. மேஜர் லீக்கில் சாதாரண டிராஃப்ட் வாய்ப்புகளைக் கைமாற்ற முடியாது; போட்டிச் சமநிலைக்காகத் தரப்படும் கூடுதல் வாய்ப்புகளை மட்டுமே மாற்றலாம். இணைய லீக்குகள் பெரும்பாலும் தாராளமாக இருக்கின்றன. வரவிருக்கும் ஒரு டிராஃப்டுக்கு மேல் கைமாற்ற அனுமதிக்காதீர்கள். ஒருவர் மூன்றாண்டு முதல் சுற்றுகளை விற்று ஒரு கோப்பையை வென்றுவிட்டு, மறு மாதமே லீக்கை விட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன். அவருக்குப் பின் வந்தவருக்கு மைனர் லீக்கில் ஒருவர்கூட இல்லை. டிராஃப்ட் இரவில் தம் பெயர் அழைக்கப்படாத முதல் சுற்றை அவர் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தார். இரண்டு சீசன் தாங்கிவிட்டு அவரும் போய்விட்டார்.

வெளிநாட்டு வழி

இரண்டாவது வாய்க்கால் வெளிநாடு. அதில் இரண்டு பிரிவுகள் உண்டு, அவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. டொமினிகன் குடியரசு, வெனிசுவேலா போன்ற நாடுகளிலிருந்து 16 வயதில் ஒப்பந்தமாகும் சிறுவர்கள் முதல் பிரிவு. இவர்கள் பெரிய லீக்குக்கு வர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். ஜப்பான், கொரியா, கியூபாவிலிருந்து முழு வளர்ச்சியோடு வரும் மூத்த ஆட்டக்காரர்கள் இரண்டாவது பிரிவு. இவர்கள் வந்த அன்றே ஓர் அணியின் தலைவிதியை மாற்றுவார்கள்.

சிறுவர்களுக்கான செலவுக்கு உறுதியான உச்சவரம்பு வையுங்கள். மேஜர் லீக்கிலும் 2017 முதல் அப்படித்தான். வரம்பை மீறினால் அபராதம் என்ற மென்மையான விதி, அபராதத்தை ஒரு செலவாகக் கருதும் பணக்கார அணிகளுக்கே உதவும்.

மூத்தவர்கள் விஷயத்தில் எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்பதே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. ஷோஹே ஒஹ்தானி 2017 டிசம்பரில் ஏஞ்சல்ஸுடன் ஒப்பந்தமானபோது அவருக்கு வயது 23. 25 வயதும் ஆறு தொழில்முறை சீசன்களும் நிறையாத வெளிநாட்டவர் சிறுவர்களுக்கான நிதியிலிருந்தே பெற வேண்டும் என்பதால், அவர் பெற்ற கையெழுத்துத் தொகை 23 லட்சத்து 15 ஆயிரம் டாலர் மட்டுமே. 25 வயது நிறைந்த யோஷினோபு யமமோட்டோ 2023 டிசம்பரில் டாட்ஜர்ஸுடன் 12 ஆண்டுகளுக்கு 32.5 கோடி டாலருக்கு ஒப்பந்தமானார். முன்னவரைச் சேர்க்க எந்த அணியும் முயலலாம். பின்னவரைச் சேர்க்கச் சில அணிகளால் மட்டுமே முடியும். உங்கள் லீக்கில் அணிகளின் வருமானத்தில் பெரிய வேறுபாடு இருந்தால், மூத்த வெளிநாட்டவரின் எண்ணிக்கையை ஆண்டுக்கு இரண்டு, மூன்று பேராகக் குறைத்து, அவர்களின் தரத்தையும் சற்று அடக்கி வையுங்கள். இல்லையென்றால் டிராஃப்டில் நீங்கள் பாடுபட்டு ஏழை அணிக்குக் கொடுத்ததைப் பணக்கார அணி ஒரே குளிர்காலத்தில் மிஞ்சிவிடும்.

வளர்ச்சியும் முதுமையும்

உள்ளே வந்தவர் எப்படி வளர்கிறார் என்பதை மூன்று எண்கள் ஆள்கின்றன: திறன் மாற்றத்தின் தற்செயல் அளவு, வளர்ச்சி வேகம், முதுமை வேகம். முதலாவதன் இயல்புநிலை 100. அதை உயர்த்தினால், நேற்றுவரை 70-ஐ எட்டுவார் என்றிருந்த இளைஞர் ஒரு மாதத்தில் 50-க்குச் சரிவதும், யாரும் கவனிக்காத பதினெட்டாம் சுற்றுக்காரர் திடீரென மேலெழுவதும் அதிகமாகும். குறைத்தால், முதல் சுற்றில் எடுக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய எல்லோரும் எதிர்பார்த்தபடியே வளர்வார்கள்.

அசல் வாழ்வில் தற்செயலுக்கு நிறையவே இடம் இருந்திருக்கிறது. மைக் பியாட்சா 1988-இல் 62-ஆவது சுற்றில், 1,390-ஆவது ஆளாகத் தேர்வானவர். ஆல்பர்ட் புஹோல்ஸ் 1999-இல் 13-ஆவது சுற்றில் எடுக்கப்பட்டவர். மைக் ட்ரௌட்கூட 2009-இல் 25-ஆவது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார். கடைசிச் சுற்றுகளையும் ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து பார்க்க வேண்டுமென்றால் இப்படிப்பட்டவர்கள் உங்கள் லீக்கிலும் தோன்ற வேண்டும். எனவே இந்த எண்ணை 80-க்குக் கீழே கொண்டுபோவதை நான் ஆதரிக்க மாட்டேன். அதே சமயம், தம் ஒரே நம்பிக்கையாக இருந்த இளைஞர் காரணமின்றிச் சரிவதை இரண்டு முறை பார்த்த புதியவர் லீக்கில் தங்க மாட்டார் என்பதால், 120-ஐத் தாண்டுவதும் உசிதமன்று.

முதுமை வேகத்தைத் தொடும்போது, அது ஏரியின் வெளியேற்றம் என்பதை மறக்க வேண்டாம். முதுமை மெதுவானால், நட்சத்திரம் உச்சத்தில் நிற்கும் ஆறு ஆண்டு எட்டாகிறது. 48 பேர் தேவைப்பட்ட இடத்தில், வரத்து மாறாமலே 64 பேர் சேர்ந்துவிடுவார்கள். டிராஃப்டைக் குறைசொல்லும் பல லீக்குகளில் உண்மையான காரணம் இங்கே ஒளிந்திருக்கிறது. மேலும், வளர்ச்சி வேகத்தையும் முதுமை வேகத்தையும் பேட்டர்களுக்கும் பிட்சர்களுக்கும் தனித்தனியே அமைக்கலாம் என்பதால், பிட்சர்கள் மட்டும் குவிகிறார்கள் என்றால் அவர்களுக்கான எண்ணை மட்டும் மாற்றினால் போதும்.

மைனர் லீக்கில் தேங்கிக் கிடப்பவர்களைப் பரப்புவதற்கு, அவர்களை மற்ற அணிகள் எடுத்துக்கொள்ளும் ரூல் 5 டிராஃப்ட் உதவும். ஒருவரை எடுத்த அணி அவரை அடுத்த சீசன் முழுதும் மேல் அணியில் வைத்திருக்க வேண்டும், இல்லையேல் பழைய அணிக்குத் திருப்பித் தர முன்வர வேண்டும் என்ற கட்டுப்பாட்டை மட்டும் தளர்த்தாதீர்கள். 1954-இல் பிட்ஸ்பர்க் அணி டாட்ஜர்ஸிடமிருந்து ரொபெர்ட்டோ கிளெமென்டேயைப் பெற்றது இந்த வகையான டிராஃப்டில்தான்.

நகலில் ஓட்டிப் பார்த்தல்

எந்த எண்ணை மாற்ற நினைத்தாலும், லீக் கோப்பை நகலெடுத்து, அதில் மாற்றத்தைச் செய்து, இருபது சீசன்களைக் கணினியே ஓட்டும்படி விடுங்கள். ஒரே நகலை நம்பாமல் மூன்று நகல்களில் ஓட்டி, ஒவ்வொன்றிலும் ஐந்தாவது, பத்தாவது, இருபதாவது சீசன் முடிவில் அதே எக்செல் தாளை நிரப்புங்கள். மாற்றம் செய்யாத மூன்று நகல்களையும் ஒப்பீட்டுக்காக ஓட்டுங்கள். ஒரு வார இறுதி முழுவதும் கணினி இதற்கே ஓடும், அதைத் தாங்கிக்கொள்ளுங்கள். நான் 1.150 என்று எழுதிய அன்று இந்த வேலையைச் செய்திருந்தால், ஐந்தாவது சீசன் வரிசையிலேயே நடக்கப்போவது தெரிந்திருக்கும்.

மாற்றத்தின் அளவு சிறியதாக இருக்க வேண்டும்: பெருக்கெண்ணில் 0.020 அல்லது 0.030, அதற்கு மேல் வேண்டாம். ஒரு சமயத்தில் ஒரே ஓர் எண்ணை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எது எதைச் செய்தது என்று பிறகு பிரித்தறிய முடியாது. பெருக்கெண் ஏற்கெனவே உள்ள ஆட்டக்காரர்களைத் தொடாது, இனி உருவாகிறவர்களை மட்டுமே பாதிக்கும். ஆகவே விளைவு பெரிய லீக்கில் தெரிய நான்கைந்து சீசன்கள் ஆகும். பள்ளி, கல்லூரி லீக்குகளையும் மென்பொருளிலேயே இயக்குகிறவர்களுக்கு இன்னும் தாமதம். அந்த அமைப்பில் ஆட்டக்காரர்கள் டிராஃப்டுக்குச் சில ஆண்டுகள் முன்பே உருவாகிவிடுகிறார்கள். இந்த இடைவெளியில் பொறுமை இழந்து இரண்டாவது முறை மாற்றுவதே மிகப் பெரிய ஆபத்து.

அணிகளைக் கூட்டுவது இவற்றோடு சேர்ந்த கேள்வி. மேஜர் லீக் 1969-இல் 24 அணிகளாகவும் 1998-இல் 30 அணிகளாகவும் வளர்ந்தது. ஒவ்வொரு முறையும் இடங்கள் ஒரே நாளில் கூடின, ஆட்டக்காரர்கள் அப்படிக் கூடவில்லை. நீங்கள் 24-இலிருந்து 26-க்குப் போவதாக இருந்தால், அறிவித்த ஆண்டிலேயே டிராஃப்ட் பட்டியலின் அளவை அதே விகிதத்தில் உயர்த்திவிட்டு, அந்தப் பட்டியல் ஓரளவு முதிர்ந்த மூன்றாவது ஆண்டில் புதிய அணிகளைச் சேருங்கள்.

அறிவிக்கும் ஒழுங்கு

லீக்கில் ஒவ்வொருவரும் இன்றைய வரத்தை நம்பித்தான் ஒப்பந்தம் போடுகிறார்கள், ஆட்டக்காரரைக் கைமாற்றுகிறார்கள். ஆகவே வரத்தைத் தொடும் எந்த மாற்றமும் குறைந்தது ஒரு முழு சீசனுக்கு முன் அறிவிக்கப்பட வேண்டும். அறிவிப்பில் பழைய எண், புதிய எண், மாற்றத்துக்கான காரணம், நகல்களில் கண்ட முடிவு ஆகிய நான்கும் இருக்க வேண்டும். தனிப்பட்ட ஆட்டக்காரரின் மதிப்பெண்ணைக் கமிஷனர் ஒருபோதும் கையால் திருத்தக் கூடாது, அது எவ்வளவு நல்ல நோக்கத்தோடு இருந்தாலும்.

எக்செல் தாளின் மொத்த எண்ணிக்கைகளை, ஆட்டக்காரர்களின் பெயர்களை நீக்கிவிட்டு, ஒவ்வொரு நவம்பரிலும் லீக்கினர் எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். எங்கள் லீக்கில் இதைத் தொடங்கிய பிறகு வந்த முதல் வற்றலான டிராஃப்டின்போது, மதகைத் திறக்கச் சொல்லி வழக்கமான முறையீடு வந்தது. நான் பதில் எழுதுவதற்கு முன்பே, கடைசி இடத்தில் இருந்த அணியை நடத்தியவர் தாளின் ஷார்ட்ஸ்டாப் பத்தியைச் சுட்டிக்காட்டி, 25 வயதுக்கு உட்பட்ட ஏழு பேர் ஏற்கெனவே மைனர் லீக்கில் இருக்கிறார்கள், இரண்டு ஆண்டுகள் பொறுங்கள் என்று எழுதியிருந்தார்.